கந்தையும் காந்தாவும்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் காளிகாட்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை. திறந்தே இருக்கும். கூடத்தில் பெரிய பாய் விரித்திருக்கும். அதைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஒருவர் மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர், இன்னொருவர் கையில் குரோஷா ஊசி, நடுவே நாலைந்து பேர் சேர்ந்து தைக்கும் பழம்புடவைப் போர்வை. சமையலறையில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கும். "இந்தக் காலத்தில் கடையில் எல்லாம் கிடைக்கும்போது இது என்ன வேண்டாத வேலை?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேலி செய்தார். இப்போது கண் மங்கியவர்களுக்கெல்லாம் ஊசியில் நூல் கோத்துத் தருபவர் அவர்தான்!

இதை எப்படி ஆரம்பித்தோம், என்னென்ன செய்கிறோம், உங்கள் வீட்டிலும் எப்படிச் செய்யலாம் என்பதை நம் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. சகோதரர்களும் படிக்கலாம். நூல் கோக்க ஆள் வேண்டுமல்லவா?

ஷோஜா... உல்ட்டோ...

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது 1986இல். காளிகாட் வழியாக டாலிகஞ்ச் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய அதே வருஷம். மாயவரத்தில் பிறந்த எனக்குக் கம்பளி என்றால் திருப்பதி போகும்போது பெட்டியின் அடியில் எடுத்துவைக்கும் சால்வைதான். இங்கே வந்தால், துர்கா பூஜை முடிந்ததோ இல்லையோ, மொட்டை மாடிகளில் வெயில் காய்ந்துகொண்டு பெண்கள் பின்ன ஆரம்பித்துவிடுவார்கள். ஜனவரியில் இரவு வெப்பநிலை 14 டிகிரிக்கு இறங்கினாலே போதும். குழந்தை முதல் தாத்தா வரை தலையில் குரங்குத் தொப்பி ஏறிவிடும்!

எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு மாஷிமா. மாஷிமா என்றால் நம் பெரியம்மா, சித்தி மாதிரி. எனக்கு வங்காளம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. "ஷோஜா, உல்ட்டோ" என்று சொல்லிச் சொல்லிக் கையைப் பிடித்துக் காட்டினார். ஷோஜா என்றால் நேர், உல்ட்டோ என்றால் புரட்டு. ஸ்வெட்டர் பின்னல் முழுவதும் இந்த இரண்டு கண்ணிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை புரட்டு என்று மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரு பக்கம் வழவழப்பாக வரும். ஒரே வரிசையில் இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று போட்டு, மேல் வரிசைகளிலும் நேருக்கு மேல் நேராகவே வரும்படி பின்னினால், ரப்பர் மாதிரி இழுபடும் பட்டை கிடைக்கும். கைமுனைக்கும் இடுப்புக்கும் அதுதான். எனக்கு வங்காளமும் இப்படித்தான் வந்தது, கண்ணி கண்ணியாக!

என் முதல் ஸ்வெட்டரை என் வீட்டுக்காரருக்காகப் பின்னினேன். முடிந்தபோது அது மைத்துனரின் பத்து வயதுப் பையனுக்குச் சரியாக இருந்தது. காரணம், நான் மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவில்லை. புதிதாகக் கற்பவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். எடுத்திருக்கும் நூலிலும் ஊசியிலும் கையகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால், 45 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்பக்கத்துக்கு 90 கண்ணி போட வேண்டும். உங்கள் கை இறுக்கமாக இருந்து 22 வந்தால் 99 கண்ணி. இதைப் பார்க்காமல் 90 போட்டால் முன்னும் பின்னும் சேர்ந்து 8 சென்டிமீட்டர் குறைந்துவிடும். மனிதர் மூச்சு விட முடியாது!

குரோஷா இதைவிடச் சுலபம். இரண்டு ஊசிக்குப் பதில் நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி. பின்னலில் வரிசை முழுவதும் கண்ணிகள் ஊசியில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் ஏணி இறங்குகிற மாதிரி கீழே வரை பிரிந்துபோகும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். அதனால் குழந்தைகளுக்கு முதலில் இதையே கற்றுக்கொடுக்கிறோம். சங்கிலி போடத் தெரிந்தால், அதை வட்டமாக இணைத்து, சுற்றிச் சுற்றிப் பின்னி, ஓரத்தில் பாசிமணி கோத்துத் தண்ணீர்ச் செம்புக்கு மூடி செய்துவிடலாம். எங்கள் கூட்டத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டே சனிக்கிழமையில் செய்து முடித்தாள்.

ஆனால் கூடத்தின் நடுவே விரிந்து கிடக்கிறதே அந்தப் பழம்புடவைப் போர்வை, அதுதான் வங்காளம் நமக்குத் தரும் பெரிய பாடம்.

நமக்குக் கந்தை, அவர்களுக்குக் காந்தா

கிழிந்த பழந்துணியை நாம் கந்தை என்கிறோம். வங்காளிகள் அதே சொல்லை மூக்கால் கொஞ்சம் இழுத்து, பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் 'கந்தா' என்ற சமஸ்கிருதச் சொல். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னது நம் பழமொழி. அவர்கள் கசக்கியதோடு நிற்கவில்லை. நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, அதன்மேல் தாமரையும் மீனும் மயிலும் யானையும் வரைந்துவிட்டார்கள். சித்திர வேலை நிறைந்ததை 'நக்ஷி காந்தா' என்பார்கள்.

பழைய நாளில் இதற்கு நூல்கூட வாங்கியதில்லை. புடவைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவி எடுத்துத் தைத்தார்கள். குளிருக்குப் போர்த்த 'லேப்', விருந்தாளி உட்கார விரிக்கும் 'சுஜனி', புத்தகம் சுற்றி வைக்கும் 'பைத்தன்', கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்கும் 'ஆர்ஷிலதா' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. பிறந்த குழந்தையைக் கிடத்துவதும் காந்தாவில்தான். நம் வீடுகளிலும் கைக்குழந்தைக்குப் பழைய வேட்டி, தூளிக்குப் பழைய புடவை என்றுதானே தேடுகிறோம்? புதுத்துணியின் மொடமொடப்பு குழந்தைக்கு ஆகாது என்பது இரண்டு ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இது வெறும் வீட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகச் சென்று காந்தாக்களைச் சேகரித்தார். நகரத்தின் தெற்கே ஜோகாவில் அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் குல்னாவைச் சேர்ந்த மானதசுந்தரி என்ற பெண்மணி தன் தந்தைக்காகத் தைத்த காந்தா இருக்கிறது. தைத்தவர் தன் பெயரையும் அதில் ஊசியாலேயே எழுதிவைத்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அவர் சேகரித்தவை பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தை அடைந்தன. கவி ஜசிமுத்தீனின் 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப்பாடல் 1929இல் வெளிவந்தது. பிரிந்துபோன கணவனை நினைத்துத் தன் துக்கத்தையெல்லாம் ஒரு காந்தாவில் தைக்கும் பெண்ணின் கதை அது.

மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரின் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும், போல்பூரின் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் காந்தாத் தையலுக்காகவே பத்மஸ்ரீ வழங்கினார்கள். பீகாரின் சுஜனி, கர்நாடகத்தின் கவுதி, மராத்தியரின் கோதடி, ஜப்பானியரின் ஸாஷிகோ எல்லாம் ஒரே தையலின் உறவினர்கள். அமெரிக்காவிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, ஒரே போர்வையைச் சுற்றி உட்கார்ந்து தைப்பது பழைய வழக்கம்.

வெட்டவா, வேண்டாமா?

இத்தனை தெரிந்தும் பல வருஷம் நான் காந்தாப் பக்கம் போகவில்லை. தைக்க வைத்தது என் அம்மாவின் பெட்டி.

அம்மா கடைசி ஆறு வருஷம் எங்களோடு காளிகாட்டில் இருந்தார். 2016இல் காலமானார். அவர் விட்டுப்போனது ஒரு டிரங்குப் பெட்டி; அதில் ஒன்பது கஜம் சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவைகள் ஏழு. நன்றாக இருந்த நான்கைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். சென்னையிலிருக்கும் என் தங்கை ஒன்றை எடுத்துக்கொண்டாள். மீதி இரண்டு, துவைத்துத் துவைத்துப் பட்டுப்போல் ஆனவை. ஒன்று நைந்து கிழிந்திருந்தது. இன்னொன்று மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கிழிசல் இல்லை. யாருக்கும் கொடுக்கிற நிலையிலும் இல்லை, எறிய மனமும் இல்லை. இரண்டு வருஷம் பெட்டியிலேயே கிடந்தன.

ஒருநாள் மாஷிமா அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயா? காந்தா தைத்துப் போர்த்திக்கொள், மா" என்றார். அவர் ஜெசோரில் பிறந்தவர். தேசப் பிரிவினையின்போது சின்னப் பெண்ணாக இந்தப் பக்கம் வந்தவர். வீட்டிலிருந்து எடுத்துவர முடிந்தது ஒரு மூட்டை. அந்த மூட்டையைக் கட்டியிருந்த துணி அவருடைய பாட்டி தைத்த காந்தா. ஊரும் வீடும் போய்விட்டன. காந்தா இன்னும் அவர் கட்டிலில் இருக்கிறது.

எனக்கு ஆசை வந்துவிட்டது. தங்கைக்கு போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா புடவையில் கத்தரிக்கோல் வைப்பாயா அக்கா? உனக்கு எப்படி மனசு வருகிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பதினைந்து நாள் அவளிடமிருந்து போனே வரவில்லை. அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் கை வரவில்லை.

மாஷிமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "யார் வெட்டச் சொன்னது? இவ்வளவு நீளப் புடவை கட்டும் உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கத்தரிக்கோல் எதற்கு? மடி!" என்றார்.

கணக்குப் பாருங்கள். ஒன்பது கஜம் என்றால் 324 அங்குலம். நாலாக மடித்தால் 81 அங்குலம். புடவை அகலம் சுமார் 46 அங்குலம். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளும் அளவில், நான்கு அடுக்குக் காந்தா! ஒரு வெட்டுக்கூட இல்லை. தங்கையிடம் சொன்னேன். "வெட்டாமல் என்றால் சரி. நான் வருகிற வரை முடித்துவிடாதே" என்றாள்.

செய்முறை

மடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புடவையின் இரண்டு முனைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேருங்கள். பிறகு புத்தகத்தை மூடுவதுபோல் பாதியாக மடியுங்கள். இப்போது நான்கு அடுக்கு; பிசிறு முனை எதுவும் வெளியே தெரியாது. முந்தானை உள்ளே போய்விடும். சின்ன வயதில் எங்கள் முகத்தையெல்லாம் துடைத்த முந்தானை, உள்ளே பத்திரமாக!

தைக்குமுன் புடவையைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். வேறு புடவையைச் சேர்ப்பதானால் முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் தெரிந்துவிடும். புதுப் பருத்தித் துணியைத் துவைக்காமல் பழையதோடு சேர்க்கக் கூடாது. பிறகு அது சுருங்கிக் காந்தா முழுவதும் சுருக்கம் விழும். நைலக்ஸ், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். ஜரிகைக் கரையில் ஊசி இறங்குவது கஷ்டம்.

அடுத்து, தரையில் சுருக்கமில்லாமல் விரித்து நான்கு மூலைக்கும் கனம் வையுங்கள். எங்கள் வீட்டில் குழவிக்கல், இரண்டு அகராதி, ஒரு பித்தளைச் செம்பு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சாணுக்கு ஒரு வரிசையாக, நீள நீளத் தையல் போட்டு அடுக்குகளை நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். இது தற்காலிகம்தான், முடிந்ததும் உருவிவிடலாம். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

பிறகு சித்திரம். வங்காளத்தில் நடுவில் தாமரை, மூலைக்கு ஒரு மரமோ மாங்காய் வடிவமோ போடுவார்கள். வாசலில் போடும் ஆல்பனாவும் காந்தாச் சித்திரமும் உறவு. அப்படியானால் நம் கோலம் எதற்கு இருக்கிறது? நாங்கள் நடுவில் ஹிருதய கமலம் போட்டோம். சுங்குடியில் புள்ளிகள் வரிசையாக ஏற்கெனவே இருப்பதால் பென்சில் வேலை பாதி மிச்சம்! ஒரு மூலையில், எங்கள் பேட்டையின் மரியாதைக்காக, காளிகாட் பட ஓவியங்களில் வருமே, வாயில் மீன் கவ்விய பூனை, அதையும் ஒரு தோழி வரைந்தாள்.

தையல் ஓட்டுத் தையல்தான். ஊசி மேலே, கீழே, மேலே, கீழே. ஓர் அரிசி நீளத்துக்குத் தையல், அதே அளவு இடைவெளி. நான்கு அடுக்கையும் ஊசி தாண்ட வேண்டும். கிழிந்த புடவையின் கரையிலிருந்து இழை உருவினோம். போதாததற்கு ஆங்கர் நூல் வாங்கி, ஆறு இழையில் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் சிக்கும். முடிச்சை அடுக்குகளுக்கு இடையே இழுத்து மறைத்துவிட வேண்டும். முதலில் சித்திரத்தின் வெளிக்கோடு, பிறகு உள்ளே, கடைசியில் அதைச் சுற்றிச் சுற்றி வெறும் இடத்தை நிரப்பும் வரிசைகள். இந்த வரிசைகள்தான் குளத்தில் கல் விழுந்தாற்போன்ற அலையைத் துணியில் எழுப்புகின்றன. இறுக்கி இழுத்தால் அலைக்குப் பதில் சுருக்கம்தான் வரும். நிறைவாக நான்கு பக்கமும் ஓரத்தைச் சேர்த்துத் தைத்துவிடலாம். துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல் போதும்.

பெரிதாகத் தொடங்கப் பயமாக இருந்தால், கிழிந்த புடவையின் நல்ல பகுதியில் 40 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்று நான்கு துண்டு எடுத்துக் குழந்தைக் காந்தா தையுங்கள். நாங்கள் இரண்டாவது புடவையில் அதைத்தான் செய்தோம். அதை வெட்டுவதற்குத் தங்கை மறுப்புச் சொல்லவில்லை.

சேர்ந்து தைப்பதில் சில விதிகள்

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் யாரும் கிடையாது. விதிகள் மட்டும் உண்டு. ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம். குழந்தை படுக்கும் துணியில் ஓர் ஊசி தங்கினால் என்ன ஆகும்? ஒருநாள் ஒன்று குறைந்து, விளக்குப் போட்டு முக்கால் மணி நேரம் தேடினோம். பாயின் கோரைக்குள் இருந்தது. யாரும் அதுவரை வீட்டுக்குப் போகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்கி, ஜன்னல் வழியே தூரத்தில் பார்ப்போம். கையும் கண்ணும் தாங்க வேண்டுமே. பலகாரம் ஒன்றே ஒன்று. போட்டி போட்டுச் செய்ய ஆரம்பித்தால் தையல் நின்றுவிடும். எண்ணெய்க் கையோடு துணியைத் தொடக் கூடாது. மிக முக்கியமான விதி, ஒருவர் தைத்ததை இன்னொருவர் பிரிக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி மாஷிமா போட்டது. அதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 2018 டிசம்பரில் தங்கை பத்து நாள் லீவில் வந்தாள். முதல் நாள் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஊசி கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தைத்தே அறியாதவள். அவள் தையல் ஒவ்வொன்றும் நெல் நீளம், கோணல் வேறு! ராத்திரி எல்லோரும் போனபின் அதைப் பிரித்துச் சரிசெய்யலாமா என்று மாஷிமாவைக் கேட்டேன். "ஐம்பது வருஷம் கழித்து, இது யார் தைத்தது என்று எப்படித் தெரியும்? அப்படியே இருக்கட்டும், மா" என்றார்.

நான்கு பேர், சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரம், இருபது சனிக்கிழமைகள். கணக்குப் போட்டால் 160 மணி நேரம். தனியாக உட்கார்ந்திருந்தால் நான் நிச்சயம் பாதியில் விட்டிருப்பேன். அந்த மணிகளில் எத்தனை பேச்சு! ஒருவர் மகனின் வேலை, இன்னொருவரின் முழங்கால் வலி, ஊரில் விற்ற வீடு, சாம்பாரில் வெல்லம் போடலாமா என்ற சண்டை. இந்த ஊரில் நாம் எத்தனை வருஷம் இருந்தாலும் நம் வீடு, நம் சங்கம், லேக் மார்க்கெட் என்று நமக்குள்ளேயே சுற்றி வருகிறோம். எதிர்வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தால் அந்தக் கதவு தானே திறக்கிறது. மாஷிமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஊசிக் கண் தெரிவதில்லை. விரல் மட்டும் மறக்கவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவின் காந்தா யாருக்கு என்ற கேள்வி வந்தது. ஒன்றுதானே இருக்கிறது? தங்கையே தீர்ப்புச் சொன்னாள். குளிர்காலத்தில் கொல்கத்தாவில் எனக்கு. கோடையில் சென்னையில் ஏசி அறையில் அவளுக்கு. அதன்படி வருஷத்துக்கு இரண்டுமுறை யாராவது ஊருக்குப் போகிறவர் பெட்டியில் அது சென்னை மெயில் ஏறுகிறது. சென்ற தடவை திரும்பி வந்தபோது பூனையின் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன மீன் இருந்தது. ஒவ்வொரு தையலும் நெல் நீளம்!